முக்கடல் அணை மைனஸ்ல கிடக்கு: அம்மா வீட்டு பைப்புல இருந்து பேச்சிப்பாறை வரைக்கும்

முதல் நாள்

நேத்து சாயங்காலம் பெங்களூர்ல பஸ் ஏறி இன்னைக்கு காலையில நாகர்கோவில் வடசேரியில வந்து இறங்கினேன். வீட்டுக்குள்ள வந்து பேக்கை கீழ வைக்கல, அம்மா அடுக்களையில இருந்தே சத்தம் போட்டா, "பிள்ளே, குளிக்கதுக்கு போர் தண்ணி எடு, அந்த குட்டுவத்துல இருக்கத தொட்டுராத, பைப்புல தண்ணி வந்து பதினோரு நாளாச்சு". எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. குளிச்சா சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, சாயா போட்டா திரிஞ்ச மாதிரி ஒரு ருசி. அதனால குடிக்கவும் சமைக்கவும் பைப்பு தண்ணி மட்டும்தான், அது வர்ற அன்னைக்கு வீட்ல உள்ள குடம், அண்டா, சருவம், பக்கெட்டு எல்லாம் வரிசையா முற்றத்துக்கு வந்துரும், நான் ஸ்கூல் படிக்கப்பவும் இதே வரிசைதான்.

சாயா குடிச்சிட்டே பேப்பர பாத்தேன். வெளியூர்க்காரங்களுக்கு இது தெரியாது, கன்னியாகுமரி மாவட்டத்துல பேப்பர்ல அணை நீர்மட்டம் போடுறத எல்லா வீட்டுலயும் வாசிப்பாங்க, தங்கம் விலை மாதிரி. பேச்சிப்பாறைக்கு மொத்தம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77, சிற்றார் ஒண்ணும் ரெண்டும் 18, பொய்கை 42.65, மாம்பழத்துறையாறு 54.12, கடைசியா முக்கடல் 25 அடி. மத்த அணையெல்லாம் இத்தனை அடி இருக்குன்னு வரும், முக்கடலுக்கு மட்டும் கோடையில முன்னால ஒரு மைனஸ் போட்டு வரும். சின்ன வயசுல நான் அத அச்சுப் பிழைன்னு நெனச்சிருக்கேன். அணையில தண்ணி எப்படி மைனஸ்ல இருக்கும்? இன்னைக்கும் மைனஸ்தான் போட்டிருந்துது. ஆனா அந்த முக்கடல் தண்ணிதான் இத்தனை வருஷமா எங்க நாகர்கோவில் குடிக்கிற தண்ணி, நான் இந்த ஊர்ல பொறந்து வளந்து முப்பத்தி நாலு வயசாகியும் அந்த அணைய ஒரு தடவை கூட கண்ணால பாத்தது இல்ல. திற்பரப்பு போயிருக்கேன், மாத்தூர் தொட்டிப்பாலத்துல நடந்திருக்கேன், சொந்தக்காரங்க வந்தா பேச்சிப்பாறைக்கு கூட்டிட்டு போயிருக்கேன், முக்கடலுக்கு போகல. அஞ்சு நாள் லீவு இருக்கு. எங்க வீட்டு பைப்புல இருந்து தொடங்கி தண்ணி வர்ற வழியில மேல மேல போறதுன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

கூட வர்றதுக்கு மாமா இருக்காரு. அம்மாவோட தம்பி, குழாய் பிட்டரா இருந்து வேலைய முடிச்சவரு, இந்த ஊர்ல எந்த தெருவுக்கு அடியில எந்த குழாய் எங்க திரும்புதுன்னு அவருக்கு மனப்பாடம். சாயங்காலம் அவரு வீட்டுக்கு போனேன். பின்கதவு காத்துல அடிக்காம இருக்க ஒரு பழைய இரும்புக் குழாய் துண்டு முட்டு வச்சிருப்பாரு, சின்ன வயசுல இருந்து பாக்கிற சாமான்தான், இன்னைக்குதான் அத எடுத்து என் கையில தந்தாரு. வெளிய இருந்து பாத்தா ஒரு சாண் அகலம். உள்ள எட்டிப் பாத்தா துரு கட்டி கட்டியா, பலாப்பழத் தோலு மாதிரி முள்ளு முள்ளா வளந்து நடுவுல ஒரு எலுமிச்சங்கா போற ஓட்டைதான் மிச்சம். "அணையில தண்ணி இருந்தாலும் இது வழியாதானே மக்ளே வரணும்" அப்படின்னாரு. எந்த தெருவுல தோண்டி எடுத்ததுன்னு கேட்டேன், எங்க தெருதான்.

ரெண்டாம் நாள்

மாமா பைக்ல காலையில ஏழு மணிக்கே கிளம்பியாச்சு. முதல்ல கிருஷ்ணன்கோவில். முக்கடல் தண்ணி குழாய்ல இங்க வந்துதான் சுத்தமாகி ஊருக்குள்ள போகுது. கேட்டுக்கு வெளிய நின்னுதான் பாத்தோம், உள்ள விடல, விட வேண்டிய அவசியமும் இல்ல, குடிதண்ணி இருக்க இடத்துல வர்றவன் போறவன் எல்லாம் நுழையக்கூடாது. மாமா வெளிய நின்னே எல்லாம் வெளக்கினாரு. வர்ற தண்ணியில முதல்ல படிகாரம் கலப்பாங்க, கண்ணுக்கே தெரியாத மண்ணுத் தூளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கனம் வச்சு கீழ படியும், மேல தெளிஞ்சத மணல் அரிப்புல இறக்குவாங்க, கடைசியா குளோரின். ஆச்சி பானையில தேத்தாங்கொட்டை உரச்சு விடுவா, காலையில கலக்கிவிட்ட தண்ணி மத்தியானம் கண்ணாடி மாதிரி கிடக்கும், அதே வேலையத்தான் இங்க படிகாரம் பெருசா செய்யுது. அணையில தண்ணி குறைய குறைய அடி மண்ணு கலங்கி வரும், அப்ப படிகாரமும் கூட வேணும், அரிப்பையும் அடிக்கடி கழுவணும், அந்த கழுவுற தண்ணியும் நம்ம கணக்குலதான் போகும். தண்ணி கம்மியா இருக்கப்ப இன்னும் கம்மியா கையில கிடைக்கிறது இதனாலயும்தான்.

அங்கருந்து வடக்க, மலை அடிவாரத்துக்கு. வழியில ரெண்டு பக்கமும் வாழையும் தென்னையும், அப்புறம் ரப்பர், ஊருக்குள்ள இருக்க வெக்கை அப்படியே இறங்கிருது. ஒரு கடையில சாயாவும் பழம்பொரியும். கடைக்கார அக்கா "முக்கடலுக்கா, அங்க என்ன இருக்கு பாக்கதுக்கு, தண்ணியே இல்லயே"ன்னு கேட்டாங்க. தண்ணி இல்லாததத்தான் பாக்கப் போறோம்னு மாமா சொன்னாரு.

அணைய பாத்ததும் எனக்கு ரொம்ப நேரம் பேச வரல. நான் மனசுல வச்சிருந்தது பேச்சிப்பாறை மாதிரி ஒரு கடல். இது சின்னது. மூணு பக்கமும் மலைச் சரிவு, நடுவுல ஒரு பள்ளம், பள்ளத்துக்கு நடுவுல கொஞ்சம் பச்சைத் தண்ணி. கரையில படி படியா கோடு, ஒவ்வொரு கோடும் தண்ணி அங்க கொஞ்ச நாள் நின்னு இறங்கின அடையாளம், குளிச்சிட்டு வச்ச பக்கெட்டுல நுரை காஞ்ச கோடு மாதிரி. கீழ சேறு வெடிச்சு ஓடு ஓடா கிடக்கு, ஒரு ஓட்ட கையில எடுத்தா என் உள்ளங்கைய விட தடிமன், விரல்ல தேச்சா மாவு. மாட்டுக் குளம்புத் தடம், கொக்கோட கால் தடம், ரெண்டும் காஞ்சு கல்லு மாதிரி பதிஞ்சு நிக்குது. திருவிதாங்கூர் ராஜா காலத்துல கட்டின அணை இது, அப்போ நாகர்கோவில் ஒரு சின்ன டவுன், மணிமேடையச் சுத்தி கோட்டாறு வடசேரின்னு கொஞ்சம் தெருக்கள். 1956-ல இந்த மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்துது, 2011 கணக்கெடுப்புல ஊர் 2 லட்சத்து 24 ஆயிரம் பேரத் தாண்டியாச்சு, 2019-ல மாநகராட்சியும் ஆயாச்சு. அணை மட்டும் அதே 25 அடிதான்.

அங்க ஒரு வயசான அண்ணாச்சி இருந்தாரு, பக்கத்து ஊர்க்காரரு, மாமாவுக்கு பழைய பழக்கம், மாடு மேய்க்க தினமும் வருவாராம். மைனஸ்னா என்னன்னு அவருட்ட கேட்டேன். அவரு அளவு எழுதியிருக்க இடத்த காட்டி, "ஜீரோன்னா காலின்னு நெனக்கப்பிடாது மக்ளே, ஜீரோங்கது ஆளுக வச்ச கோடு, தண்ணிக்கு அடி அதுக்கும் கீழ கிடக்கு. கோட்டுக்கு மேல நின்னா அது வரவு, கோட்டுக்கு கீழ எறங்கிட்டுன்னா நாம கைமுதல்ல கைய வச்சிட்டோம்னு அர்த்தம்" அப்படின்னாரு. இத்தனை வருஷமா அச்சுப் பிழைன்னு இருந்த ஒரு குறி எனக்கு இன்னைக்குதான் புரிஞ்சுது. அதுக்கப்புறம் அவரு சொன்னதுதான் முக்கியம். கைமுதல்லயும் பாதிக்கு மேல இப்ப தண்ணி இல்ல, மண்ணுன்னாரு. ஒவ்வொரு மழைக்கும் மலையில இருந்து மண்ணு கரைஞ்சு வந்து அடியில படியுது, சரிவுல மரம் குறைஞ்சு போன இடத்துல இருந்து இன்னும் வேகமா வருது. பேப்பர்ல 25 அடின்னு போட்டாலும் அது அடியில இருந்து மேல வரைக்கும் தண்ணின்னு நாம நெனச்சுக்கிடுறோம். பாதின்னு அவரு சொன்னது கண்ணளவுதான், அளந்து பாக்கல, ஆனா ஒரு எடத்துல மாமா கம்ப குத்திப் பாத்தப்ப முழங்கை வரைக்கும் தடையே இல்லாம இறங்குனத நான் பாத்தேன்.

எனக்கு மனசுல கிடந்து உறுத்துறது இதுதான். தூர் வார முடியிறது மைனஸ்ல கிடக்கப்ப மட்டும்தான். ஆனா மைனஸ்ல கிடக்கப்ப ஊர் முழுக்க குடத்த தூக்கிட்டு தண்ணி லாரிக்கு நிக்கும், எங்கருந்து ரெண்டு நாள் தண்ணிய கொண்டு வர்றதுன்னுதான் எல்லாருக்கும் ஓட்டம், அப்ப அடி மண்ண பத்தி யாரும் நெனக்க மாட்டாங்க. அப்புறம் ஜூன்ல இடவப்பாதி மழை பெய்யும், மண்ணு தண்ணிக்கு அடியில மறைஞ்சுரும், அணை மறுகால் பாயும்போது போட்டோ வரும், எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். இப்படியே எத்தனை வருஷம் போயிருக்கும். இந்த சேறு நல்ல வண்டல், வாழைக்கும் வயலுக்கும் பொன்னு, குளத்து வண்டல விவசாயிங்க அனுமதி வாங்கி எடுத்துட்டுப் போறது நம்ம ஊர்ல புதுசு இல்ல. குடிதண்ணி அணைங்கறதால கண்ட வண்டியும் உள்ள இறங்கக்கூடாது, ஒழுங்கா, கண்காணிச்சு செய்யணும், சரிதான். செய்யணும்ல?

திரும்பி வர்றப்ப மாமா பைக்ல ஒண்ணும் பேசல.

மூணாம் நாள்

இன்னைக்கு பெருசா எங்கயும் போகல, மத்தியானம் வரைக்கும் அம்மா கூட கோட்டாறு கடைக்கு, அப்புறம் சாயங்காலம் மாமா கூட அனந்தனார் சானல் கரையில கொஞ்ச தூரம். முக்கடல் கைய விரிக்கிறப்ப ஊருக்கு கை குடுக்கிறது இந்த சானல்தான், இதுல இருந்து பம்ப் பண்ணி கிருஷ்ணன்கோவிலுக்கு கொண்டு போவாங்க. இந்த தண்ணி பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணி. அடிப்படையில வயலுக்கான தண்ணி. ஜூன் தொடக்கத்துல கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல் சாகுபடிக்கு அணைய தொறப்பாங்க, அதுக்கப்புறம் ரெண்டாம் போகம் கும்பப்பூ, பிப்ரவரி கடைசியில அடைப்பாங்க. அடைச்ச பெறகு குடிதண்ணிக்குன்னு தனியா கேட்டு தொறக்க வைக்க வேண்டியிருக்கும், தொறந்தாலும் வழி நெடுக எத்தனை பேரு கை வச்சு, எத்தனை எடத்துல கசிஞ்சு வரணும்.

சானல்ல அங்கங்க வீட்டு சாக்கடை வந்து விழுது, பிளாஸ்டிக் கவர் மடையில அடைச்சு நிக்குது, அதுக்கு பத்தடி தள்ளி ஒரு அம்மா துணி தொவச்சிட்டு இருக்காங்க. அவங்கள சொல்லி குத்தமில்ல, இது அவங்க தாத்தா காலத்துல இருந்து தொவைக்கிற கல்லு. ஆனா இந்த தண்ணியத்தான் நாம குடிக்க எடுப்போம்னு நெனச்சா வயித்தக் கலக்குது. நான் பெங்களூர்ல கேன் தண்ணி குடிக்கிறவ, என் அம்மா இதக் குடிக்கிறா.

நாலாம் நாள்

பெரிய நாள். மாமாவோட மூத்த பையன், எனக்கு மச்சான் முறை, கார் எடுத்தான். தக்கலை, குலசேகரம் வழியா மேல. குலசேகரம் தாண்டினதுமே ரப்பர் வாசனை, ஷீட்ட வெயில்ல காயப் போட்டிருக்கிற வாசனை, இந்த வாசனை வந்தா எனக்கு மலை வந்துட்டுன்னு அர்த்தம். ஒரு குலை மட்டிப்பழம் வாங்கி கார்லயே வச்சு தின்னுட்டே போனோம்.

முதல்ல புத்தன் அணை. பெருஞ்சாணிக்கு கீழ பரளியாத்துல இருக்கு. புத்தன்னா புதுசு, பேருதான் புதுசு, அணை ராஜா காலத்துது, அதுக்கு முன்னாலயே இந்த ஆத்துல பாண்டியன் அணைன்னு ஒண்ணு இருக்கிறதால இது புத்தன். நாஞ்சில் நாட்டு வயலுக்கெல்லாம் தண்ணி இங்க பிரிஞ்சுதான் வருது. நாகர்கோவிலுக்கு முக்கடல மட்டும் நம்பாம இருக்க இப்ப குழாய் போட்டு தண்ணி கொண்டு வர்ற திட்டமும் இங்கருந்துதான், மத்திய அரசோட அம்ருத் திட்டத்துல. சானல்ல திறந்தவெளியா வர்றதுக்கு பதிலா குழாய்ல வர்றது நிச்சயமா நல்லது, நேத்து சானல பாத்த பெறகு அத நான் நூறு தடவை சொல்லுவேன். எனக்கு ஒரே ஒரு பயம், இது வந்துட்டுன்னு முக்கடல கை விட்டுருவாங்களோன்னு. புத்தன் அணைத் தண்ணியும் மழையத்தான் நம்பி இருக்கு. வீட்டுக்கு பக்கத்துல இருக்க கிணத்த தூந்து போக விட்டுட்டு தூரத்து ஆத்த மட்டும் நம்புறது நம்ம பெரியவங்க செய்யாத காரியம்.

பெருஞ்சாணிய மேல இருந்து பாத்துட்டு உடனே கிளம்பிட்டோம், வெயில் தாங்கல. 1956-க்கு முன்னாலயே, திருவிதாங்கூர்-கொச்சி காலத்துல கட்டினது. கீழ சுவர்ல அங்கங்க வெள்ளையா ஒழுகி காஞ்ச அடையாளத்த மாமா காட்டினாரு. கட்டுக்குள்ள இருக்க சுண்ணாம்பு தண்ணியோட கரைஞ்சு கசிஞ்சு வெளிய வந்து காத்துல காயுறதாம். பயந்துட்டேன். அவரு சிரிக்கல, பொறுமையா சொன்னாரு, "கசியாத அணை எங்கயும் கிடையாது. கசிவு தெளிஞ்சு வந்தா பாத்துட்டே இருக்கலாம், எவ்வளவு வருதுன்னு அளந்துட்டே இருக்கணும். கலங்கி வந்தாத்தான் ஓடணும், உள்ள உள்ளத அரிச்சிட்டு வருதுன்னு அர்த்தம்." குழாய்க்கும் அணைக்கும் அவருக்கு ஒரே கண்ணுதான்.

பேச்சிப்பாறை. இதப் பத்தி எழுத எனக்கு எடம் போதாது. மூலம் திருநாள் மகாராஜா காலத்துல 1897-ல தொடங்கி 1906-ல முடிஞ்சுது, கோதையாத்துக்கு குறுக்க. இஞ்சினீயர் ஹம்ப்ரே அலெக்சாண்டர் மிஞ்சின். பின்னால உயரத்த கூட்டித்தான் இப்ப உள்ள 48 அடி. நாஞ்சில் நாட்டுல அதுக்கு முன்னால வயலுக்கு மழையும் குளமும் பழையாறும் பரளியாத்துல இருந்து வந்த கால்வாயும்தான் கதி, மழை தப்பினா பஞ்சம். அந்த இஞ்சினீயர ஊர் மக்கள் மூக்கன் துரைன்னு கூப்பிட்டாங்க, நீளமான மூக்காம், அம்மா இன்னும் அப்படித்தான் சொல்லுவா. அவரு 1913-ல இறந்தாரு, அணை பக்கத்துலயே அடக்கம் பண்ணியிருக்காங்க. அந்த கல்லறை முன்னால போய் நின்னோம். மச்சான் செருப்ப கழட்டினான், நானும் கழட்டினேன். எங்கயோ பொறந்த ஒரு மனுசன் இந்தக் காட்டுல, காய்ச்சலும் அட்டையும் யானையும் இருக்க எடத்துல வருஷக்கணக்கா கிடந்து கட்டியிருக்காரு, கூடவே கல்லு சுமந்த ஆயிரக்கணக்கான நம்ம ஆளுக, அவங்க பேரு ஒரு கல்லுலயும் இல்ல. நான் அவங்களுக்கும் சேத்துதான் கும்பிட்டேன்.

அணைக்கு அந்தப் பக்கம் மலைவாழ் காணிக்கார மக்களோட ஊருக இருக்கு. அங்க உள்ளவங்க டவுனுக்கு வரணும்னா இந்த தண்ணிய படகுல தாண்டணும், பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கும் படகுதான். சாயங்காலம் ஒரு படகு திரும்பிப் போறத பாத்தோம், அரிசி மூட்டையும் யூனிபார்ம் போட்ட ரெண்டு பிள்ளைங்களும். கீழ உள்ள எங்க எல்லாருக்கும் தண்ணி கொடுக்கிற அணை அவங்களுக்கு தாண்ட வேண்டிய ஒரு தடை. இத இதுக்கு முன்ன எத்தனையோ தடவை வந்தும் நான் யோசிச்சதில்ல.

பேச்சிப்பாறைய சில வருஷத்துக்கு முன்னால உலக வங்கி நிதியில பெரிய அளவுல பலப்படுத்தியிருக்காங்க. நூறு வருஷம் தாண்டின அணைக்கும் மனசு வச்சா செய்ய முடியுதுன்னு காரியத்துல பாத்தாச்சு. மாமா உடனே "அப்ப நம்ம முக்கடலுக்கும் செய்யலாம்ல"ன்னாரு, ரெண்டு நாளா அதத்தான் மனசுல வச்சிருந்திருக்காரு போல.

அஞ்சாம் நாள்

ராத்திரி நல்ல மழை. ரெண்டு மணிக்கு ஓட்டுல சத்தம் கேட்டு நானும் அம்மாவும் எழும்பி உக்காந்துட்டோம், அம்மா அந்த நேரத்துலயும் முற்றத்துல அண்டாவ கொண்டு வச்சா. காலையில மாமா போன், "வாறியா?"

மறுபடியும் முக்கடல். மலையில மேகம் பாதி இறங்கி நிக்குது, சரிவுல ரெண்டு மூணு எடத்துல ஓடை விழுற சத்தம், அன்னைக்கு கையில எடுத்த சேத்து ஓடெல்லாம் கரைஞ்சு ஒண்ணாயிட்டுது. கலங்கின செம்மண் தண்ணி வந்து நடுவுல இருக்க பச்சைத் தண்ணியில கலக்குது, ரெண்டு நிறமும் கொஞ்ச தூரத்துக்கு தனித்தனியா தெரியுது. எனக்கு சந்தோஷமும் வந்துது, அந்த செவப்பு நிறம் முழுக்க மண்ணுதானேன்னும் தோணிச்சு. மாமா அளவுக் குறி பக்கம் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, அரை அடி ஏறியிருக்கும், இன்னும் ஜீரோ வரலன்னாரு. பேச்சிப்பாறையில எவ்வளவு கொட்டினாலும் இங்க ஏறாது, இந்த மலையில பெய்யணும், அது மட்டும்தான் இதுக்கு.

அந்த குறிய போட்டோ எடுத்துக்கிட்டேன். இனி ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்க வந்து ஒரு போட்டோ அனுப்புறேன்னு மாமா ஒத்துக்கிட்டாரு, நான் அத தேதியோட இங்க போடுறேன். தூர் வாரச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனுவும் எழுதி அவருட்ட கொடுத்திருக்கேன், எங்க தெருவுல முப்பத்தெட்டு வீடு, நேத்து ராத்திரிக்குள்ள அம்மா இருபத்தாறு கையெழுத்து வாங்கிட்டா. மீதி பன்னிரண்டு வீட்டுலயும் தண்ணி வர்ற அன்னைக்கு எல்லாரும் வாசல்லதான் நிப்பாங்க, அப்ப வாங்கிக்கிடுறேன்னு சொல்லியிருக்கா. பஸ் ஆறரைக்கு.